மாதத்துக்குள் அடங்காத கணக்கு

லண்டனில் உள்ள வால்தம்ஸ்டோவின் ஹோ ஸ்ட்ரீட்டில், கோஆப்பரேட்டிவ் வங்கி மூடிவிட்டுப் போன கட்டடத்தில் 2018ஆம் ஆண்டு ஒரு விசித்திரமான ‘வங்கி’ திறக்கப்பட்டது. கலைஞர் ஹிலரி பவலும் திரைப்பட இயக்குநர் டான் எடல்ஸ்டைனும் அங்கே சொந்தமாக நோட்டு அச்சடித்தார்கள். மகாராணியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளூர் உணவு வங்கியையும் ஆரம்பப் பள்ளியையும் இளைஞர் அமைப்பையும் வீடற்றோருக்கான சமையல்கூடத்தையும் நடத்துகிறவர்களின் முகங்கள் இருந்தன. கலைப்பொருளாக விற்ற அந்த நோட்டுகளால் 40,000 பவுண்டு சேர்ந்தது. பாதியை அந்த நான்கு அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள். மீதி 20,000 பவுண்டைக் கொண்டு, அவ்வட்டாரத்தவர்கள் அடைக்க முடியாமல் விட்ட 12 லட்சம் பவுண்டு பே டே கடனை, அதாவது அடுத்த சம்பளம்வரை சமாளிக்க வாங்கும் குறுங்காலக் கடனை, கடன் சந்தையில் வாங்கி, அடியோடு ரத்து செய்தார்கள். பவுண்டுக்கு இரண்டு பென்ஸ்கூடப் பெறாது என்று கடன் கொடுத்தவர்களே விலை போட்டு விற்றுவிட்ட பாக்கிக்காகத்தான் இத்தனை குடும்பங்கள் தொலைபேசி அடித்தாலே பதறிக்கொண்டிருந்தன என்பது அந்தக் கூத்தின் வழியே ஊருக்கே தெரியவந்தது.

இதே தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டெல்லா கிரீசி, 2010இல் தேர்வானது முதலே பே டே கடன் நிறுவனங்களுக்கு எதிராகக் குரல் கொடுத்தவர். அந்தப் போராட்டங்களின் பயனாக 2015 ஜனவரி 2 முதல் வட்டிக்கு உச்சவரம்பு வந்தது: நாளொன்றுக்கு 0.8 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. வட்டியும் கட்டணமும் சேர்ந்து வாங்கிய முதலைத் தாண்டக்கூடாது. 100 பவுண்டை 30 நாளுக்கு வாங்கினால் அதிகபட்சச் செலவு 24 பவுண்டு. ஆண்டுக்கு 5,000 சதவீதத்துக்கு மேல் வட்டி விளம்பரம் செய்த வோங்கா நிறுவனம் 2018 ஆகஸ்டில் சரிந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அது கடனின் விலையைத்தான் குறைத்தது. கடன் வாங்க வேண்டிய நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது சட்டத்தின் வேலை அல்ல. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் இந்தத் தொழிலை ஆராய்ந்தபோது, பே டே கடனின் சராசரித் தொகை சுமார் 260 பவுண்டு, சராசரிக் காலம் மூன்று வாரத்துக்குச் சற்று மேல் என்று கண்டது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீடு வாங்கவோ கடை போடவோ யாரும் 260 பவுண்டு கடன் வாங்குவதில்லை. மூன்று வாரம் என்பது அடுத்த சம்பளம்வரையான தூரம். இந்தக் கடன்களில் பலவற்றில் தவறியது வருமானம் அல்ல, வருமானமும் செலவும் சந்திக்க வேண்டிய நாள்.

மாத பட்ஜெட் போடச் சொல்லும் அறிவுரைகள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன. சம்பளத்தை மேலே எழுது, வாடகை, மளிகை, மின்சாரம், பயணம் என்று கீழே எழுது, கழி, மிச்சத்தைச் சேமி என்கின்றன. கணிதத்தில் பிழையில்லை. ஆனாலும் இப்படித் தொடங்கிய கணக்குகள் மூன்றாவது, நான்காவது மாதத்தில் கைவிடப்படுகின்றன. கைவிட்டவர் தன்னைத் தானே கட்டுப்பாடில்லாதவர் என்று திட்டிக்கொள்கிறார். அந்தத் திட்டு பெரும்பாலும் அநியாயமானது. மாதம் என்ற சட்டகத்துக்குள் ஒரு குடும்பத்தின் செலவு அடங்குவதில்லை. முதலில் ஆண்டுக் கணக்கை எழுதி, அதை மாதங்களுக்குப் பங்கிட்டால்தான் மாத பட்ஜெட் நிற்கும். ஆண்டை எழுதாமல் மாதத்தை மட்டும் எழுதுகிறவர், எத்தனை கட்டுப்பாடு உள்ளவரானாலும், தோற்றுத்தான் ஆக வேண்டும்.

இதற்கு ஆதாரம் உண்டு. கியூல்டன் உல்குமென், மனோஜ் தாமஸ், விக்கி மோர்விட்ஸ் ஆகிய மூவர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, பட்ஜெட்டுகளை உண்மையில் ஆன செலவோடு ஒப்பிட்டது. அடுத்த மாதத்துக்குப் போட்ட பட்ஜெட்டுகள் உண்மைச் செலவைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தன. அடுத்த ஆண்டுக்குப் போட்டவை உண்மைக்கு நெருக்கமாக வந்தன. தூரத்தில் இருப்பதை அதிகம் தவறாகக் கணிப்போம் என்றுதானே நாம் நினைப்போம்? அவர்கள் சொன்ன காரணம் சுவையானது. மாதக் கணக்கு எளிதாகத் தோன்றுவதால் போட்ட எண்ணை அப்படியே நம்பிவிடுகிறோம். ஆண்டுக் கணக்கு கடினமாகத் தோன்றுகிறது; ஏதோ விட்டிருப்போம் என்ற சந்தேகம் வருகிறது; அந்தச் சந்தேகம் எண்ணை மேலே தள்ளுகிறது. தன்னம்பிக்கை கெடுத்ததை ஐயம் சரிசெய்கிறது என்று சொல்லலாம்.

நான்கு ஆண்டுகள் கழித்து அபிகெயில் சஸ்மனும் ஆடம் ஆல்டரும் செய்த ஆய்வு இதன் அடுத்த படி. அன்றாடச் செலவுகளை மக்கள் ஓரளவு சரியாகவே கணிக்கிறார்கள். எப்போதாவது வரும் செலவுகளில்தான் வழுக்குகிறார்கள். பிறந்தநாள் பரிசு, வாஷிங் மெஷின் பழுது, திருமணத்துக்குப் போக விமானச் சீட்டு என்று ஒவ்வொன்றும் ‘இந்த ஒரு தடவை’ என்ற கணக்கில் போகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அபூர்வம்தான். ஆனால் ஏதோ ஓர் அபூர்வம் வராத மாதம் இல்லை. ‘இந்த மாதம் மட்டும் கொஞ்சம் இறுக்கம்’ என்ற வாக்கியத்தை ஒரு வீட்டில் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை கேட்கலாம். சரியான மாதம் ஒன்று இருப்பதாகவும், அது இன்னும் வரவில்லை என்றும் எண்ணிக்கொண்டே ஆண்டு ஓடிவிடுகிறது.

இதை வால்தம்ஸ்டோவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஆண்டோடு வைத்துப் பார்ப்போம். சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு ஜனவரி 31இலும் ஜூலை 31இலும் வருமானவரித் தவணை. கார் வைத்திருந்தால் காப்பீடு, எம்ஓடி சோதனை, சாலை வரி ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு தேதிகளில். செப்டம்பருக்கு முன் பள்ளிச் சீருடையும் சப்பாத்தும். பள்ளி விடுமுறையில் மட்டுமே கொழும்புக்கோ சென்னைக்கோ போக முடியும் என்பதால், விமானக் கட்டணம் உச்சத்தில் இருக்கும் ஜூலை, ஆகஸ்டில்தான் நால்வருக்கும் டிக்கெட். தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் அடுத்தடுத்து வரும் காலத்தில்தான் வீட்டைச் சூடாக்கும் செலவும் ஏறுகிறது. பெட்ஃபோர்ட் ரோட்டுக் கற்பக விநாயகர் ஆலயத்தில் உபயம், ஊர்ச் சங்கத்துக்கு ஒரு தொகை, யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெற்றோரின் மருத்துவத்துக்குத் திடீரென ஒரு தொகை, உறவில் ஒரு சாமத்தியச் சடங்கு, ஒரு கல்யாணம், ஓர் அந்தியேட்டி. இவற்றில் எதுவும் மாத பட்ஜெட் தாளில் தனி வரியாக இருப்பதில்லை. இங்கிலாந்தில் அச்சான மாதிரித் தாள்களில் ஊருக்கு அனுப்பும் காசுக்கு இடமே இருப்பதில்லை என்பது வேறு கதை.

விசாவில் இருப்பவர்களின் நிலை இன்னும் கூர்மையானது. 2024 பிப்ரவரி 6 முதல் குடியேற்ற சுகாதாரக் கட்டணம் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, பிள்ளைக்கு 776 பவுண்டு. திறன் பணியாளர் விசாவில் இருக்கும் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் மூன்று ஆண்டுக்கு விசாவை நீட்டிக்கும்போது, விசாக் கட்டணத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், இது ஒன்றே 10,866 பவுண்டு. அதை விண்ணப்பிக்கும் அன்றே மொத்தமாகக் கட்ட வேண்டும். சில முதலாளிகள் இதை ஏற்பார்கள், பலர் ஏற்கமாட்டார்கள். இந்தச் செலவு திடீரென்று வந்ததாக யாரும் சொல்ல முடியாது. விசா கையில் வந்த அன்றே அது முடியும் தேதியும் தெரியும். 36 மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் சுமார் 302 பவுண்டு. அதாவது இந்தக் குடும்பத்தின் உண்மையான மாதச் செலவு, அவர்கள் எழுதி வைத்திருப்பதைவிட 302 பவுண்டு அதிகம். அந்த வரியை எழுதாத பட்ஜெட்டில் தெரியும் ‘மிச்சம்’ மிச்சமே அல்ல. உள்துறை அமைச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய பணம் கொஞ்ச நாள் நம் கணக்கில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு பிழை சிறியது, ஆனால் எங்கும் இருப்பது: வாரச் செலவை நான்கால் பெருக்கி மாதமாக்குவது. ஆண்டுக்கு 52 வாரங்கள். ஒரு மாதத்துக்கு நாலேகால் வாரத்துக்கும் மேல். வாரம் 90 பவுண்டு மளிகை என்றால் நான்கால் பெருக்கும்போது 360, உண்மையில் 390. ஆண்டு முடிவில் இந்த ஒரு வரியில் மட்டும் 360 பவுண்டு காணாமல் போயிருக்கும். சூப்பர்மார்க்கெட்டிலோ பராமரிப்பு வேலையிலோ நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குகிறவருக்கு இது தலைகீழாக நடக்கிறது. அவருக்கு ஆண்டுக்குப் பதின்மூன்று சம்பளம். ஆனால் ஒவ்வொரு மாதமும் சம்பளத் தேதி இரண்டு மூன்று நாள் முன்னால் நகர, வாடகைத் தேதி அதே இடத்தில் நிற்கிறது. அவர் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையும் பெறுகிறவரானால், ஒரே மதிப்பீட்டு மாதத்தில் இரண்டு சம்பளம் விழும்போது அடுத்த உதவித்தொகை சரிந்துவிடும். இதையெல்லாம் மனதுக்குள் வைத்துச் சமாளிக்க யாராலும் முடியாது.

மின்சார, எரிவாயு நிறுவனங்கள் இந்த உண்மையைப் பல காலமாக அறிந்தே வைத்திருக்கின்றன. டைரக்ட் டெபிட்டில் கட்டுகிறவரிடம் ஆண்டு முழுவதற்குமான செலவைக் கணித்து மாதாமாதம் ஒரே தொகையை வாங்குகிறார்கள். கோடையில் கூடுதலாகச் சேர்ந்தது குளிர்காலத்தில் கரைகிறது. வீட்டுக்காரர் செய்ய வேண்டியதும் இதுவேதான், எல்லாச் செலவுக்கும். கடந்த பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கைத் திறந்து, மாதாமாதம் வராத ஒவ்வொரு செலவையும் எழுதிக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையைச் சம்பளம் விழும் அன்றே வேறொரு கணக்குக்கு ஸ்டாண்டிங் ஆர்டரில் அனுப்பிவிட வேண்டும். கணக்கில் எஞ்சியிருப்பதுதான் இந்த மாதத்துக்கு. நினைவிலிருந்து எழுதக்கூடாது, மறக்கத்தான் நினைவு இருக்கிறது. வங்கிக் கணக்கு மறப்பதில்லை.

முதல் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டால், ஒரு வாசல் இருக்கிறது. உள்ளாட்சி வரியான கவுன்சில் டாக்ஸ் வழக்கமாக ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துத் தவணைகளாகப் பிடிக்கப்படுகிறது. பிப்ரவரியும் மார்ச்சும் காலி. ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரி என்று வைத்துக்கொண்டால், அந்த இரண்டு மாதமும் தலா 200 பவுண்டு தானாகவே விடுபடுகிறது. பெரும்பாலான வீடுகளில் இந்த 400 பவுண்டு சத்தமில்லாமல் கரைந்துபோகிறது. அதைத் தனிக் கணக்கில் போட்டால் பே டே கடனின் சராசரித் தொகையைவிட அதிகமான ஒரு கையிருப்பு இரண்டே மாதத்தில் உருவாகிவிடும். மாறாக, மாதச் சுமையைக் குறைக்க விரும்புகிறவர்கள் பன்னிரண்டு தவணையாக்கச் சொல்லி கவுன்சிலிடம் கேட்கலாம், அது உரிமை. இரண்டில் எது நல்லது என்றால், ஓவர்டிராஃப்டில் இருப்பவருக்குப் பன்னிரண்டு, மற்றவருக்குப் பத்து. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பெரும்பாலான வங்கிகள் ஓவர்டிராஃப்டுக்கு வாங்குவது ஏறக்குறைய 40 சதவீத வட்டி என்பதை மறக்கக்கூடாது.

இனி மறுப்புகள். அவற்றில் கனமானது ஒன்று: பணமே போதாதபோது எப்படிப் பங்கிட்டால் என்ன? லண்டனில் தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கும் சராசரிக் குடும்பம் வருமானத்தில் 40 சதவீதம் அளவுக்கு வாடகைக்கே கொடுக்கிறது. 2022 அக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவீதத்தைத் தொட்டது. 2023 மார்ச்சில் உணவு விலையேற்றம் 19 சதவீதத்தைத் தாண்டியது. அமெரிக்க செனட்டர் எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005இல் பிரபலமாக்கிய 50-30-20 விதி, அதாவது தேவைக்குப் பாதி, ஆசைக்கு முப்பது, சேமிப்புக்கு இருபது என்பது, இந்த ஊரில் வாடகையைக் கட்டிவிட்டு வரும் ஒருவருக்கு நையாண்டியாகவே படும். பே டே கடன் பற்றியும் சங்கடமான ஓர் ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் பியூ அமைப்பு 2012இல் கேட்டபோது, முதல்முறை கடன் வாங்கியவர்களில் 69 சதவீதத்தினர் வாடகை, மின்சாரம் போன்ற வழக்கமான செலவுக்கே வாங்கியதாகச் சொன்னார்கள். எதிர்பாராத அவசரத்துக்கு என்றவர்கள் 16 சதவீதம்தான். எப்போதாவது வரும் செலவுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் வாதிட்டால் இந்த எண் என்னை மறுக்கும். போன மாதம் கார் பழுதுக்குக் கொடுத்த பணம்தான் இந்த மாதம் வாடகையில் குறைகிறது என்று ஓரளவு பதில் சொல்லலாம். முழுப் பதில் அது அல்ல. சிலரிடம் பணம் உண்மையாகவே இல்லை.

இந்தச் சர்ச்சையே லண்டனுக்குப் புதிதல்ல. 1909 முதல் 1913 வரை ஃபேபியன் மகளிர் குழு லாம்பெத் பகுதித் தொழிலாளர் வீடுகளில் மனைவிமாரை வாராவாரம் செலவுக் கணக்கு எழுதச் செய்தது. வாரம் ஏறக்குறைய ஒரு பவுண்டில் நடந்த குடும்பங்கள் அவை. அந்தக் கணக்குகளை வைத்து மாட் பெம்பர் ரீவ்ஸ் 1913இல் ஒரு நூல் எழுதினார். ஏழைகளுக்குச் செலவழிக்கத் தெரியவில்லை, கஞ்சி குடித்தால் போதாதா என்று கேட்ட கனவான்களுக்கு அந்தக் கணக்குகளே பதிலாயின. அந்தப் பெண்கள் பென்னி பென்னியாக நிர்வகித்தார்கள். வாடகையும் நிலக்கரியும் போனபின் உணவுக்கு மிஞ்சியதுதான் போதவில்லை. ஆனால் அதே தாள்களில் இன்னொன்றும் இருக்கிறது. சோற்றுக்கே தட்டுப்பாடான வீட்டிலும் ஈமச்சடங்குக் காப்பீட்டுக்குப் பிள்ளைக்கு ஒரு பென்னி வீதம் வாரம் தவறாமல் போனது. சப்பாத்துக்கும் துணிக்கும் தவணைக் குழுக்களில் கட்டினார்கள். என்றோ வரும் பெரிய செலவை இன்றைய சிறு தொகையாக்க வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. வருமானம் குறையக் குறைய இந்தத் தேவை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. நம் காலத்தில் 235 அமெரிக்கக் குடும்பங்களின் கணக்கைத் தொடர்ந்து பதிந்த ஜோனதன் மோர்டுக், ரேச்சல் ஷ்னைடர் ஆகியோரும், வருமானம் ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து மாதங்களில் 25 சதவீதத்துக்கு மேல் ஏறியோ இறங்கியோ இருந்ததைக் கண்டார்கள்.

எனவே பணம் போதாதவருக்கு பட்ஜெட் பணத்தைப் பெருக்காது. அது செய்யக்கூடியது வேறு: போதாமை எவ்வளவு, எந்த மாதத்தில் என்று எண்ணாகச் சொல்லும். அந்த எண்ணுக்கு இந்த நாட்டில் பயன் இருக்கிறது. ஸ்டெப்சேஞ்ச், சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இலவசக் கடன் ஆலோசனை அமைப்புகள் முதலில் கேட்பது வரவு செலவுக் கணக்கைத்தான். 2021 மே முதல் நடப்பில் உள்ள ‘பிரீதிங் ஸ்பேஸ்’ திட்டத்தில் 60 நாள் வட்டியும் வசூல் நடவடிக்கையும் நிறுத்தப்படுவதற்கு ஆலோசகர் வழியாகத்தான் போக வேண்டும். வாடகை, கவுன்சில் டாக்ஸ், எரிசக்தி பாக்கிகள் முதலில், கிரெடிட் கார்டு அப்புறம் என்ற வரிசையும் அங்கே சொல்லப்படும். சத்தமாக மிரட்டுகிறவனுக்கு முதலில் கட்டிவிட்டு வீட்டை இழப்பவர்கள் இருக்கிறார்கள். காசில்லாமை கௌரவக் குறைச்சல் என்று ஆலோசகரிடம் போகாமல், உறவினரிடம் கைமாற்று வாங்கி, அதை அடைக்க இன்னொருவரிடம் வாங்கும் பழக்கம் நம்மிடையே கொஞ்சம் அதிகம்தான்.

இரண்டாவது மறுப்பு நம்முடையது மட்டும். சடங்குக்கும் ஊருக்கும் கொடுப்பதைக் கணக்குப் பார்ப்பதா? உறவு என்ன வரவு செலவா? லாம்பெத் பெண்களின் ஈமச்சடங்குக் காப்பீட்டையும் வெளியிலிருந்து பார்த்தவர்கள் வீண் என்றார்கள். வீணல்ல, அந்தச் சமூகத்தில் தலைநிமிர்ந்து நிற்பதன் விலை அது. நம் மொய்யும் அன்பளிப்பும் அப்படித்தான். நான் குறைக்கச் சொல்லவில்லை, எழுதச் சொல்கிறேன். ஆண்டுக்கு எத்தனை அழைப்பிதழ் வரும் என்பது போன ஆண்டைப் பார்த்தால் தெரியும். எழுதி வைத்திருப்பவர் மனமார எடுத்துக் கொடுப்பார். எழுதாதவர் கிரெடிட் கார்டில் கொடுத்துவிட்டு, மண்டபத்தில் சிரித்து, காரில் ஏறியதும் மனைவியோடு சண்டை போடுவார். ஒன்று மட்டும் விலக்கு: சொந்த வீட்டு விழாவை எந்த அளவில் நடத்துவது என்பதில் போட்டி புகுந்துவிட்ட பிறகு, அதைக் கடமை என்று அழைப்பது கொஞ்சம் அதிகம்.

சீட்டு இருக்கிறதே என்பார்கள். உண்மை, தமிழர்கள் இந்தப் பிரச்சினைக்கு நெடுங்காலம் முன்பே கண்ட விடை அது. மாதாமாதம் கட்டாயமாக ஒரு தொகை போகிறது, ஒரு நாள் மொத்தமாகக் கையில் வருகிறது. முகம் தெரிந்த பத்துப்பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் இந்த மாதம் விட்டுவிடலாம் என்று தோன்றாது. எந்தச் செயலியும் தராத கட்டுப்பாடு இது. ஆனால் தமிழ்நாட்டில் பதிவுபெற்ற சீட்டுகளுக்கு 1982ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருப்பதுபோல லண்டனில் வீடுகளில் நடக்கும் சீட்டுக்கு எதுவும் இல்லை. சீட்டுப் பிடிப்பவர் கைவிரித்தால், வங்கி வைப்புக்கு உள்ள இழப்பீட்டுத் திட்டம் இங்கே எட்டிப் பார்க்காது. ஏலத்தில் கழிவு விட்டு முதலில் எடுப்பவர் உண்மையில் என்ன வட்டி கொடுக்கிறார் என்பதையும் யாரும் கணக்கிடுவதில்லை. மாறாக, உறுப்பினர்களின் சேமிப்பிலிருந்தே கடன் தரும் கூட்டுறவு அமைப்பான கிரெடிட் யூனியனின் கடனுக்குச் சட்டப்படி மாதம் 3 சதவீதம்தான் உச்சவரம்பு. சேமிப்புக்கும் பாதுகாப்பு உண்டு. சீட்டின் கட்டுப்பாட்டை ஸ்டாண்டிங் ஆர்டரிடமிருந்தும், அதன் அவசர உதவியைக் கிரெடிட் யூனியனிடமிருந்தும் பெற முடிகிறவர்கள், பெரிய தொகைக்குச் சீட்டை நம்பியிருக்கத் தேவையில்லை.

கடைப்பிடிப்பது பற்றிக் கொஞ்சம். பட்ஜெட்டை மீறுவது தோல்வி என்று எண்ணுகிறவர்கள்தான் அதைச் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். மீறிய வரி, தவறாகக் கணித்த வரி. அடுத்த மாதம் திருத்தினால் முடிந்தது. ரே ஹோவர்ட், சஸ்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2022இல் காட்டியபடி, வரப்போகும் செலவு வழக்கத்திலிருந்து ஏன் மாறக்கூடும் என்று காரணங்களை யோசிக்கச் சொன்னாலே கணிப்பு திருந்துகிறது. இதைத் தனியாக உட்கார்ந்து செய்வதைவிடக் கணவனும் மனைவியும் சேர்ந்து செய்தால் பட்டியல் நீளும். ஒருவர் மறந்தது மற்றவருக்கு நினைவிருக்கும். பெரிய பிள்ளைகளையும் வைத்துக்கொள்ளலாம். பள்ளிச் சுற்றுலாவுக்கு எப்போது காசு கேட்பார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். வால்தம்ஸ்டோ சந்தையில் ஒரு கிண்ணம் காய்கறியில் ஐம்பது பென்ஸ் மிச்சம் பிடிக்கும் சாமர்த்தியம் நம் வீடுகளில் ஏற்கெனவே போதிய அளவு இருக்கிறது. அதைப் பற்றி அந்தப் பேச்சில் நேரம் செலவிட வேண்டாம்.

இப்படிச் சேர்ந்து உட்கார உகந்த மாதம் மார்ச். ஜனவரி முதல் தேதி உறுதிமொழி எடுக்க மட்டும்தான் நல்லது. கவுன்சில் டாக்ஸ் பில் மார்ச்சில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. தண்ணீர்க் கட்டணம், குறைந்தபட்ச ஊதியம், அரசு உதவித்தொகைகள் எல்லாம் ஏப்ரலில் மாறுகின்றன. வரியாண்டும் ஏப்ரல் 6இல் தொடங்குகிறது. புது ஆண்டின் எண்களில் பாதி அப்போது கையில் இருக்கும். அடுத்த பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கு வந்தபின் மறு மார்ச்சில் ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது கூடுதலாகச் செலவான வரிகளை அல்ல, பட்டியலிலேயே இல்லாமல் செலவான வரிகளை.